கொலுவுக்கு வந்த மணல்

மயிலாப்பூர்
ஆடி 10

சௌபாக்கியவதி ஸ்ரீரஞ்சனிக்கு, ஆசீர்வாதம்.

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் மூன்று பேரும் அங்கே நன்றாக இருப்பதாக ராம்குமார் போனில் சொன்னான். என் பிள்ளை எப்போதும் அப்படித்தான் சொல்வான், ஆகையால் நீயும் ஒரு வார்த்தை எழுது.

என் கையெழுத்தைப் பார்த்து உனக்கு ஆச்சரியமாக இருக்கும். போன வருஷம் தை மாதம் நீ இந்தக் கூடத்தில் நின்றுகொண்டு, "இந்த ஓட்டை வீட்டைக் கட்டிண்டு அம்மா எதுக்கு அழறா, பில்டர் கேக்கறப்பவே குடுத்துடலாமே" என்று அவனிடம் சொன்னாய். மாம்பழக் கலர் சுடிதார் போட்டிருந்தாய். நான் உள்ளே அடை வார்த்துக்கொண்டிருந்தேன், காதில் விழாது என்று நினைத்துவிட்டாய். இனி உன்னோடு பேசுவதில்லை என்று அன்றைக்குச் சொன்னேன். இன்றுவரை பேசவில்லை. எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை.

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன், பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். எதிர் ஜெராக்ஸ் கடை ஃபிர்தௌஸ் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். நீ எழுதுவதை அச்செடுத்து எனக்குக் கொண்டுவந்து கொடுப்பாள். நடுவில் அவள் படிப்பாள் என்பது எனக்குத் தெரியும். படிக்கட்டும்.

விஷயம் இதுதான். இந்த வருஷம் கொலுவில் பார்க் வேண்டாம், அம்மா வண்டி ஓட்டுகிற செவ்வாய் கிரகம் வைக்க வேண்டும் என்று ஸ்நேஹா போனில் கேட்டாள். உன் ஜாதகத்தில் ஏழாம் இடத்தில் செவ்வாய் இருப்பதை உன் அப்பா மென்று முழுங்கினார், நான் கண்டுபிடித்தும் வாயைத் திறக்காமல் கல்யாணத்துக்குச் சம்மதித்தேன். இப்போது அதே செவ்வாயைக் கூடத்தில் கொண்டுவந்து வைக்கச் சொல்கிறாள் என் பேத்தி. வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மணலுக்குக் கவலையில்லை. பக்கத்து மனையை ஸ்ரீரங்கன் விற்றுவிட்டுப் பெருங்குடியில் ஃப்ளாட்டுக்குப் போய்விட்டான். என் வேப்பமரத்து இலை அவன் மாடியில் விழுகிறது என்று ஆயுசு முழுக்கச் சண்டை போட்டவன். போகும்போது, "நீங்களும் ஒரு நாள் கிளம்பத்தான் போறேள் மாமி" என்று சொல்லிவிட்டுப் போனான். அதை நான் மறக்கமாட்டேன். அங்கே அடுக்குமாடி கட்டுகிறார்கள். கார் நிறுத்தப் பூமிக்குக் கீழே இரண்டு தளமாம். பெரிய குழியாக வெட்டி, ஊறுகிற தண்ணீரை ராப்பகலாக மோட்டார் வைத்து இறைத்துத் தெருவில் விடுகிறார்கள். அதோடு மணல் வந்து நம் வாசற்படியோரம் குவிகிறது. ரவை மாதிரி மணல், ஒரு கல் கிடையாது. காலையில் கோலம் போடுமுன் ஒரு வாளி அள்ளி உள்ளே வைத்துக்கொள்கிறேன்.

அந்த ஊர் மண் என்ன நிறம், கல் எவ்வளவு பெரிது, உன் வண்டிக்கு எத்தனை சக்கரம், எழுது. குழந்தைக்குச் சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கிறாயா?

ஜானகி


ஜூலை 30

அம்மாவுக்கு நமஸ்காரம்.

நாங்கள் சௌக்கியம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? ஸ்நேஹாவுக்கு எண்ணெய் தேய்க்கிறேன், அவள் வீடு முழுக்க ஓடுகிறாள்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தை மாதத்தைப் பற்றி நான் பதில் எழுதப் போவதில்லை. எழுதினால் இந்த வழியும் அடைந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

செவ்வாய் மண் சிவப்பு என்று எல்லோரும் சொல்வார்கள். பக்கத்தில் பார்த்தால் சாம்பார்ப் பொடியில் கொஞ்சம் கோதுமை மாவு கலந்த நிறம். கல் எல்லாம் தட்டை தட்டையாக, சிலது அம்மிக்கல் அளவு, சிலது மாவிளக்கு அளவு. வண்டிக்கு ஆறு சக்கரம். நீளமான கழுத்து, அதன் மேல் ஒரு தலை, தலையில் கண்.

நான் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்து ஓட்டுவதில்லை. இங்கிருந்து சொன்னது அங்கே போய்ச் சேரவே நேரம் பிடிக்கும். அதனால் அன்றைக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் மொத்தமாக எழுதி அனுப்பிவிடுவோம். இவ்வளவு தூரம் போ, அந்தக் கல்லைச் சுற்று, நின்று உன் தடத்தைத் திரும்பிப் பார். வண்டி தன்பாட்டுக்குச் செய்யும். மறுநாள்தான் எங்களுக்குப் படம் வரும். ஆக நாங்கள் பார்ப்பது எல்லாமே நடந்து முடிந்தது. குழியில் இறங்கியிருந்தால், நாங்கள் பார்க்கும்போது இறங்கி முடிந்திருக்கும்.

வேலை செய்கிற அறைக்குள் போன் கூடாது. வெளியே ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ராம்குமார்கூட என்னைப் பிடிக்க முடியாமல் திட்டுவார்.

கொலுவின் படம் அனுப்பச் சொல்லுங்கள். ஃபிர்தௌஸுக்கும் என் அன்பு. நீ படிப்பாய் என்று அம்மா எழுதியிருக்கிறார் ஃபிர்தௌஸ்.

உங்கள்
ஸ்ரீரஞ்சனி


ஆடி 28

சௌபாக்கியவதி ஸ்ரீரஞ்சனிக்கு, ஆசீர்வாதம். முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. நீ விசாரித்தது சரி, ராம்குமார் விசாரிப்பதில்லை.

நீ சொன்ன நிறம் வந்துவிட்டது. மணலை மாடியில் காயவைத்து, சலித்து, காவிப்பொடி கலந்தேன். ஒரு சாக்கு நிரம்பி இரண்டாவது சாக்கு கட்டியாகிவிட்டது. எவ்வளவு அள்ளினாலும் மறுநாள் அதே அளவு வந்து நிற்கிறது, யாரோ எனக்கென்று எடுத்து வைத்த மாதிரி. "இன்னா மாமி, பீச்சையே வூட்டுக்குள்ள கொண்டாந்துட்டீங்க" என்கிறாள் ஃபிர்தௌஸ். "உங்காத்துக்கா கேட்டேன், போடி" என்றேன்.

கொல்லைக் கதவு இறுக்கிக்கொண்டது. பக்கத்து மனையில் நல்லசிவம் என்று ஒரு சூப்பர்வைசர், திருநெல்வேலிப் பையன், மரியாதை தெரிந்தவன். தச்சனை அழைத்துவந்து இழைத்துக் கொடுத்தான். "ஒண்ணும் இல்லம்மா, பழைய வீடுல்லா, லேசா அசையத்தான் செய்யும்" என்றான். "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இது பழைய வீடுதான். அப்போ அசையலையே" என்றேன். சிரித்துக்கொண்டு காபி வாங்கிக் குடித்தான். உங்கள் தி.நகர் வீட்டில் கல்யாணத்தன்று எனக்கு ஆறின காபி கொடுத்தார்கள், அந்தப் பையனுக்கு நான் சூடாகத்தான் கொடுத்தேன்.

இழைத்த கதவு நாலு நாளில் மறுபடி இறுக்கிக்கொண்டது. போகட்டும் என்று தாழ்ப்பாளைப் போட்டு விட்டுவிட்டேன், கொல்லையில் எனக்கு என்ன வேலை. கிணற்றிலும் தண்ணீர் இல்லை. வாளி போய்ச் சேற்றில் உட்காருகிறது. ஊரே லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற வருஷம்கூட நம் கிணறு வற்றியதில்லை.

வண்டி தன் தடத்தைத் திரும்பிப் பார்க்கும் என்று எழுதியிருந்தாய். போகிற வழியைப் பார்க்காமல் வந்த வழியை எதற்குப் பார்க்க வேண்டும்?

ஜானகி


ஆகஸ்ட் 24

அம்மாவுக்கு நமஸ்காரம்.

நாங்கள் சௌக்கியம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, இங்கே வேலை கொஞ்சம் இறுக்கம்.

நல்ல கேள்வி கேட்டீர்கள். தன் சக்கரம் எவ்வளவு சுற்றியது என்பது வண்டிக்குத் தெரியும். எவ்வளவு நகர்ந்தோம் என்பது தெரியாது. மணலில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், வண்டி அங்கேயே இருக்கும், ஆனால் வந்துவிட்டேன் என்று அது சொல்லும். தடத்தைப் பார்த்தால் பொய் தெரிந்துவிடும்.

இப்போது நாங்கள் ஒரு சமவெளியில் போகிறோம். பார்த்தால் தளம் போட்ட மாதிரி இருக்கிறது. மேலே அப்பளம் போல ஒரு ஓடு, அடியில் மாவு. நேற்றுத் தடம் கொஞ்சம் ஆழமாக இருந்தது. அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது என்று கூட்டத்தில் சொன்னார்கள்.

ஒன்று கேட்கட்டுமா அம்மா. மோட்டார் தண்ணீர் தெளிவாக வருகிறதா, கலங்கலாக வருகிறதா? கொல்லைக் கதவு ஸ்ரீரங்கன் மாமா மனைப் பக்கம்தானே? சுவரில் எங்காவது கீறல் இருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

ஸ்ரீரஞ்சனி


ஆவணி 14

ஸ்ரீரஞ்சனிக்கு, ஆசீர்வாதம். இங்கே க்ஷேமத்துக்குக் குறைவில்லை.

சும்மா கேட்கிறேன் என்று எழுதுகிறவர்கள் யாரும் சும்மா கேட்பதில்லை. ராம்குமார் கேட்கச் சொன்னானா?

கேட்டதற்குப் பதில். தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி வருகிறது. கதவு அந்தப் பக்கம்தான். பூஜை அறைச் சுவரில் ஒரு கீறல் இருக்கிறது, அதன் குறுக்கே நல்லசிவம் ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டினான். "கீறல் விரிஞ்சா இது ஒடையும், ஒடஞ்சா எனக்குச் சொல்லுங்கம்மா" என்றான். உடைந்தது. சொன்னேன். வேறொன்று ஒட்டினான். அதுவும் உடைந்தது. அதைச் சொல்லவில்லை. சொன்னால் பெரிய அதிகாரிகள் வந்து நின்று வீட்டை அண்ணாந்து பார்ப்பார்கள். விலை கேட்க வருகிறவனும் அப்படித்தான் அண்ணாந்து பார்ப்பான், எனக்கு அது பிடிக்காது.

கொலுப்படி கட்டியாகிவிட்டது. ஒரு பக்கம் சாய்ந்தது, காலுக்கு அடியில் நியூஸ் பேப்பரை மடித்து வைத்துச் சமம் பண்ணினேன். போன வருஷம் இந்தத் தொந்தரவு இல்லை. மரப்பலகை வளைந்திருக்கும்.

உன் வண்டி நகர்ந்ததா? அதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.

ஜானகி


செப்டம்பர் 1

அம்மாவுக்கு நமஸ்காரம். சௌக்கியம் விசாரித்துக்கொண்டிருக்க நேரமில்லை, மன்னியுங்கள்.

குழியில் இறைக்கும்போது தெளிந்த தண்ணீர் வந்தால் தண்ணீர் மட்டும் போகிறது. கழுநீராக வந்தால் மண்ணும் சேர்ந்து போகிறது. குழிக்குள் இருந்த மண்ணை அவர்கள் எப்போதோ லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது வருவது பக்கத்திலிருந்து வருவது. ஒரு பக்கம் தெரு. இன்னொரு பக்கம் நாம்தான்.

நீங்கள் வாளியில் அள்ளிச் சேர்த்தது நம் கூடத்துக்கு அடியில் இருந்த மணல், அம்மா. தளம் மேலே அப்படியேதான் இருக்கும், பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடியில் இருக்காது.

தயவுசெய்து இன்றைக்கே கிளம்பி ஆதம்பாக்கத்தில் உங்கள் தங்கை பிள்ளை சங்கரன் வீட்டுக்குப் போங்கள். அவனுடைய அம்மாவோடு உங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்று தெரியும். பேசாமலே அங்கே இருங்கள்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். நீங்கள் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து டம்ளரின் அடியைப் பாருங்கள். என்ன நின்றது என்று எனக்கு எழுதுங்கள்.

ஸ்ரீரஞ்சனி


செப்டம்பர் 12

அம்மாவுக்கு நமஸ்காரம்.

பதில் இல்லை. கடிதத்தை உங்கள் கையில் கொடுத்ததாக ஃபிர்தௌஸ் சொல்கிறாள். ராம்குமார் நல்லசிவத்திடம் பேசினார். எல்லாம் அளவுக்குள்தான் இருக்கிறது, இஞ்சினியர் பார்த்துவிட்டார் என்று அவர் சொன்னாராம். அளவுக்குள் இருக்கிறது என்ற வார்த்தையை நான் இங்கேயும் தினம் கேட்கிறேன்.

டம்ளர் வைத்துப் பார்த்தீர்களா?

ஸ்ரீரஞ்சனி


புரட்டாசி 9

ஸ்ரீரஞ்சனிக்கு, ஆசீர்வாதம். உடம்பு நன்றாக இருக்கிறது, மனசு நன்றாக இல்லை.

பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. நல்லசிவத்திடம், "என் பிள்ளை உனக்குப் போன் பண்ணினானாமே" என்று கேட்டேன். "சார் இப்பவா பண்றாரு, போன வருசமே எங்க ஆபீஸ்ல பேசிருக்காங்களே, ரெண்டு மனையும் சேந்தா நல்லாருக்கும்னு" என்றான். அவனுக்குக் கள்ளம் தெரியாது, உளறிவிட்டான். எனக்கு அப்புறம் எல்லாம் விளங்கிவிட்டது. கதவைக் கேட்டாய், சுவரைக் கேட்டாய், கடைசியில் கிளம்பு என்றாய். ஸ்ரீரங்கன் வாயால் சொன்னான், நீ செவ்வாய் கிரகத்தைச் சுற்றிக்கொண்டு வந்து சொல்கிறாய்.

நீ சொன்னபடியே அது என் வீட்டு மணலாக இருந்தால், என் வீட்டுக் கொலுவில்தான் இருக்கிறது. வேறு எங்கும் போய்விடவில்லை.

முந்தாநாள் ஆதம்பாக்கத்திலிருந்து சங்கரன் காரை எடுத்துக்கொண்டு வந்தான். "பெரிம்மா, ஒரு வாரம் எங்காத்துல இருங்கோளேன், அம்மாவும் கேட்டா" என்றான். உங்கம்மா என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியாதா என்று சொல்லிச் சுண்டல் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். கொலு வைத்தவள் நடுவில் பொம்மைகளை விட்டுவிட்டு எங்கே போவாள்? தசமியன்று பொம்மையைப் படுக்க வைக்கிற வரைக்கும் இந்தப் படியை யாரும் தொடக்கூடாது.

கொலு நன்றாக அமைந்துவிட்டது. தெருவே வந்து பார்க்கிறது. அஞ்சு படி பொம்மை, அதற்கு முன்னால் கூடத்தில் முக்கால்வாசி உன் செவ்வாய். வடக்கு மாடவீதியில் தேடி ஒரு பொம்மை லாரி வாங்கி, ஃபிர்தௌஸ் அதன் மேல் குச்சியால் கழுத்தும் சோடா மூடியால் தலையும் ஒட்டிக் கொடுத்தாள். ஆறு சக்கரம் இருக்கிறது, எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன்.

டம்ளரைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஸ்நேஹாவுக்குப் பிடித்த கடலைப்பருப்புச் சுண்டல் வெள்ளிக்கிழமை செய்கிறேன் என்று அவளிடம் சொல்.

ஜானகி


செப்டம்பர் 30

அம்மாவுக்கு நமஸ்காரம்.

நீங்கள் கேட்டு நான் பதில் எழுதாத ஒன்று இருக்கிறது. வண்டி நகரவில்லை.

தடம் ஆழமாகிக்கொண்டே வந்ததைப் பார்த்தவள் நான். நிறுத்தலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். எல்லோரும் அளவுக்குள் இருக்கிறது என்றார்கள், சரி, இன்னும் ஒரு நாள் என்று நானே எழுதி அனுப்பினேன். முன்சக்கரம் அந்த அப்பள ஓட்டை உடைத்துக்கொண்டு இறங்கியது. அப்போதுகூடத் தப்பித்திருக்கலாம். சில நாள் நிறுத்தி வைத்துவிட்டு ஆறு சக்கரத்தையும் சேர்த்துச் சுற்றினோம் பாருங்கள், அப்போதுதான் வயிறு வரைக்கும் புதைந்தது. சும்மா இருந்த மணலை நாங்களே கிளப்பிவிட்டோம்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆயுத பூஜைக்கு அவர்கள் மோட்டாரை எல்லாம் நிறுத்திப் பொட்டு வைப்பார்கள். குழியில் தண்ணீர் ஏறும். மறுநாள் காலையில் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போடுவார்கள், ஊறிய மணல் மொத்தமாகக் கிளம்பும். அந்த நேரத்தில் நீங்கள் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. கொலுவைக் கலைக்க வேண்டாம். பொம்மைகள் இருக்கட்டும். நீங்கள் மட்டும் எதிரே ஜெராக்ஸ் கடையில் போய் உட்காருங்கள், அது போதும்.

பில்டரிடம் போன வருஷம் பேசியது உண்மை. தை மாதம் நான் சொன்னதும் உண்மை. அது தப்பு. ஆனால் இது அது இல்லை.

ராம்குமார் கிளம்பிவிட்டார், விஜயதசமி சாயங்காலம் வந்து இறங்குவார். நான் நாளை முழுக்க அந்த அறைக்குள் இருப்பேன், வண்டியை எடுக்க முடியுமா என்று பார்க்கிறோம்.

ஸ்ரீரஞ்சனி


அக்டோபர் 1

ஸ்ரீரஞ்சனி அக்காவுக்கு ஃபிர்தௌஸ் ஸலாம் சொல்லி எழுதுவது.

உங்கள் கடிதத்தைக் காலையிலேயே அச்செடுத்துக்கொண்டு ஓடினேன். மாமி வாங்கிக்கொண்டார்கள், பிரிக்கவில்லை. இன்றைக்கு சரஸ்வதி பூஜையாம், ஒரு எழுத்துப் படிக்கக் கூடாதாம். புத்தகங்களை அடுக்கி மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள், அதன் மேலேயே உங்கள் கடிதத்தையும் வைத்துப் பூப்போட்டுவிட்டார்கள்.

"மாமி, அவசரம், நான் படிச்சுக் காட்டுறேன், நீங்க சும்மா கேளுங்க" என்றேன். "காதால கேட்டாலும் படிச்ச மாதிரிதாண்டி. நாளைக்குக் காலம்பற குளிச்சுட்டுப் படிக்கறேன், லெட்டர் எங்கயும் ஓடிப்போயிடாது" என்றார்கள். "அக்கா வூட்டை வுட்டு வெளிய வரச் சொல்றாங்க மாமி" என்று வாசலில் நின்று கத்தியே சொல்லிவிட்டேன். "அவ தை மாசமே சொன்னா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். கையைப் பிடித்து இழுத்தேன். என் கையில் தேங்காய் மூடியைக் கொடுத்தார்கள்.

அப்பா போய் நல்லசிவம் சாரிடம் சொன்னார். இன்றைக்கு வேலை இல்லை பாய், மோட்டாரே ஓடலையே, பயப்படாதீங்க என்றாராம். சாயங்காலத்திலிருந்து மழை பெய்கிறது. இவ்வளவு நாளாக அந்தச் சத்தத்திலேயே இருந்துவிட்டு இப்போது தெரு ரொம்ப அமைதியாக இருக்கிறது அக்கா, எனக்கு நல்லாவே இல்லை. நான்கு தடவை உங்களுக்குப் போன் செய்தேன்.

ஃபிர்தௌஸ்


புரட்டாசி 16
விஜயதசமி, காலை

ஸ்ரீரஞ்சனிக்கு, ஆசீர்வாதம். நீயும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும்.

குளித்து, பூஜை முடித்து, புஸ்தக அடுக்கைப் பிரித்தேன். தசமியன்று முதலில் எதைப் படிக்கிறோமோ அதுதான் வருஷம் முழுக்கக் கூட வரும் என்று என் மாமியார் சொல்வாள். மேலாக இருந்தது உன் கடிதம். அதற்குச் சற்று முன்னால்தான் பக்கத்தில் பூசணிக்காய் உடைக்கிற சத்தம் கேட்டது, எல்லா மோட்டாரையும் போட்டார்கள்.

பாதிக் கடிதத்தில் எழுந்து வாசலுக்குப் போனேன். தாழ்ப்பாள் திறக்கிறது, கதவு திறக்கவில்லை. மேல் நிலை கதவின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. கொல்லைக் கதவுதான் ஆடியிலேயே போய்விட்டது. ஜன்னலில் கம்பி இருக்கிறது, திருடனுக்குப் பயந்து நான் போடச் சொன்ன கம்பி. ஃபிர்தௌஸ் ஜன்னல் பக்கம் நின்று அழுதுகொண்டிருக்கிறாள். அவள் அப்பா மெஹபூப் பாஷா மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடினார். மோட்டார் நின்றுவிட்டது. நல்லசிவம் கடப்பாரையோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறான். "கதவ இடிச்சா நிலை இறங்கிரும்மா, கொஞ்சம் பொறுங்க, ஜாக்கி கொண்டாரச் சொல்லிருக்கேன்" என்கிறான். அவன் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அந்த முகத்தோடு அவன் ஒரு தரமும் காபி குடித்ததில்லை.

சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

டம்ளர் வைத்துப் பார்த்தேன். நீ எழுதின அன்றைக்கே பார்த்தேன். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தபோது டம்ளரில் கால்வாசி மணல் நின்றது. கையில் எடுத்துத் தேய்த்தேன், கொலு மணல்தான். உனக்கு எழுதினால் நீ சொன்னது சரி என்று ஆகிவிடும். அந்த ஒரு வார்த்தையை உனக்குக் கொடுக்க மனசு வரவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

ஃபிர்தௌஸ் கம்பி வழியாகப் போனை உள்ளே நீட்டினாள். உனக்குத்தான் போடச் சொன்னேன். இரண்டு தடவை மணி போய் நின்றுவிட்டது. நீ அந்த அறைக்குள் இருக்கிறாய் போலிருக்கிறது, போன் பெட்டியில் கிடக்கிறது. ராம்குமார் வானத்தில் இருக்கிறான். நீ இதைப் படிக்கும்போது இங்கே ஆக வேண்டியது ஆகி முடிந்திருக்கும். உன் வேலையே அப்படித்தான் என்று நீ முதலிலேயே எழுதியிருந்தாய், நான்தான் கதை மாதிரிப் படித்தேன்.

பொம்மையைப் படுக்க வைத்துவிட்டேன். சாயங்காலம்தான் படுக்க வைக்க வேண்டும், பரவாயில்லை. செவ்வாயைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். கல் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறது. மணல் மட்டும் பூஜை அறைப் பக்கமாக மெல்ல வழிந்துகொண்டிருக்கிறது, ஓரத்தில் தளம் அதைக் குடிக்கிற மாதிரி இருக்கிறது. அந்த லாரி தானாகவே கிளம்பி அந்தப் பக்கம் போகிறது. நான் தொடவில்லை. அதன் தடம் நன்றாக, ஆழமாக விழுந்திருக்கிறது.

உன்னோடு பேசுவதில்லை என்று சொன்னேனே, அதை இன்றைக்கு முடித்துக்கொள்கிறேன். மற்றது எல்லாம் அப்படியே மனசில் இருக்கிறது, அந்த ஆறின காபி உள்பட. அதை எல்லாம் நேரில் கேட்க வேண்டும்.

இந்தக் காகிதத்தைக் கம்பி வழியாக ஃபிர்தௌஸிடம் நீட்டுகிறேன். வாங்கிக்கொண்டவுடன் எதிர்ப்பக்கம் போய் நிற்கச் சொல்லியிருக்கிறேன், இங்கே நிற்க வேண்டாம். போனை நான் உள்ளேயே வைத்துக்கொள்கிறேன் என்றேன், பாஷா தன் போனில் படம் பிடித்து அனுப்புவார்.

அறையை விட்டு வெளியே வந்ததும் முதலில் பெட்டியைத் திறந்து பார். மணி அடித்தால் எடு. நான் பேசுகிறேன்.

ஜானகி